கொறிணி மாதிரிகளில் மூச்சுமண்டல வைரஸ் தொற்றும் மரபணு வெளிப்பாடும்

மூச்சுமண்டல வைரஸ் தொற்றின் கொறிணி மாதிரிகள் என்பவை, இன்ஃபுளுவென்சா, ஆர்.எஸ்.வி., கொரோனா போன்ற வைரஸ்கள் மூச்சுக்குழாயிலும் நுரையீரலிலும் உண்டாக்கும் நோயை அறிவதற்காக ஆய்வகத்தில் வளர்க்கப்படும் சுண்டெலி, பருத்தி எலி, ஹாம்ஸ்டர் முதலிய கொறிக்கும் பாலூட்டிகளாகும். தொற்று ஏற்பட்ட பின் இவ்விலங்குகளின் திசுக்களில் எந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றன, எவை அடங்குகின்றன என்பதை நாள்வாரியாக அளப்பதே இத்துறையின் மரபணு வெளிப்பாட்டு ஆய்வு. ஒரே வைரஸ் ஒருவருக்குச் சளியோடு நின்றுவிடுவதும் மற்றொருவரை உயிராபத்துக்குக் கொண்டு செல்வதும் ஏன் என்ற கேள்விக்கு விடை தேடவும், தடுப்பூசியை மனிதருக்குச் செலுத்தும் முன் அதன் பாதுகாப்பைச் சோதிக்கவும் இவ்வாய்வுகள் பயன்படுகின்றன.

மரபணு வெளிப்பாடு

உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரே டி.என்.ஏ. தொகுதிதான் உள்ளது. ஆனால் கண்ணின் உயிரணுவும் நுரையீரலின் உயிரணுவும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தேவையான மரபணு மட்டும் தூதுவ ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, அந்தப் படியிலிருந்து புரதம் உருவாகிறது. இந்நிகழ்வே மரபணு வெளிப்பாடு.

குமரி மாவட்ட மாணவர்கள் பேச்சிப்பாறை அணையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அணையில் உள்ள நீர் எல்லாருக்கும் பொது. எந்த மடை, எந்த நாளில், எவ்வளவு திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே எந்த ஏலாவில் நீர் பாயும் என்பது அமைகிறது. வைரஸ் நுழைந்த உயிரணுவில் டி.என்.ஏ. மாறுவதில்லை, திறக்கும் மடைகளே மாறுகின்றன.

அளக்கும் முறைகள்

தொற்று ஏற்படுத்தப்பட்ட விலங்கின் நுரையீரலிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டு, தொற்றில்லாத விலங்கின் நுரையீரல் ஆர்.என்.ஏ.வுடன் ஒப்பிடப்படுகிறது. இதற்கு மூன்று முறைகள் பெரிதும் பயன்படுகின்றன.

முதலாவது ஆர்டி-பிசிஆர். கொரோனா காலத்தில் மாவட்டந்தோறும் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளில் செய்யப்பட்டதும் இதே சோதனைதான். அங்கு தேடப்பட்டது வைரஸின் ஆர்.என்.ஏ.; இங்கு தேடப்படுவது விலங்கின் சொந்த ஆர்.என்.ஏ. இச்சோதனையில் ஒவ்வொரு சுழற்சியிலும் படிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும். குறிப்பிட்ட ஒரு மரபணு, தொற்றில்லாத நுரையீரலில் 27-ஆம் சுழற்சியிலும் தொற்றுள்ள நுரையீரலில் 22-ஆம் சுழற்சியிலும் கண்டறியும் அளவை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 5 சுழற்சிகள். 2-ஐ ஐந்து முறை பெருக்கினால் 32. ஆகவே தொற்றில் அந்த மரபணுவின் வெளிப்பாடு 32 மடங்கு கூடியுள்ளது எனக் கணக்கிடலாம். இரு மாதிரிகளிலும் எடுத்துக்கொண்ட ஆர்.என்.ஏ.வின் அளவு சமமா என்பதைச் சரிபார்க்க, தொற்றால் மாறாத வேறொரு மரபணுவையும் உடன் அளப்பது கட்டாயம்.

இரண்டாவது நுண்வரிசைச் சில்லு. 1990-களில் உருவான இம்முறையால் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் அளக்க முடிந்தது. மூன்றாவது ஆர்.என்.ஏ. வரிசையறிதல். திசுவிலுள்ள ஆர்.என்.ஏ. துண்டுகளின் எழுத்து வரிசையை நேரடியாகப் படித்து, எந்த மரபணுவிலிருந்து எத்தனை துண்டுகள் வந்தன என எண்ணும் முறை இது. இப்போது தனித்தனி உயிரணுவாகப் பிரித்தும் இதைச் செய்கிறார்கள்.

வரலாறு

இன்ஃபுளுவென்சா வைரஸை மனிதரிடமிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் இலண்டனைச் சேர்ந்த வில்சன் சுமித், கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெயிட்லா ஆகியோர். 1933-இல் ஃபெரட் என்னும் கீரி போன்ற விலங்கில் அதைச் செய்தனர். அடுத்த ஆண்டே அவ்வைரஸைச் சுண்டெலிக்கும் பழக்க முடிந்தது. சுண்டெலியிலிருந்து சுண்டெலிக்குப் பலமுறை மாற்றியபோது வைரஸ் அவ்விலங்கின் நுரையீரலுக்கு ஏற்ப மாறியது. 1934-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் எடுக்கப்பட்டுப் பின் இவ்வாறு பழக்கப்பட்ட வைரஸ் வகை இன்றும் உலகின் பல ஆய்வகங்களில் பயன்படுகிறது.

1957 இத்துறைக்கு இரு வகையில் முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு மே மாதம் ஆசிய ஃபுளு சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலின் வழியாகச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, இந்தியா முழுவதும் பரவியது. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃபுளுவென்சா மையம் அப்பெருந்தொற்றைப் பதிவு செய்தது. அதே ஆண்டில் இலண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான் ஆகிய இருவரும், வைரஸ் தாக்கிய உயிரணுக்கள் வெளியிடும் ஒரு பொருள் பக்கத்து உயிரணுக்களைக் காப்பதைக் கண்டு, அதற்கு இன்டர்ஃபெரான் எனப் பெயரிட்டனர். மூச்சுமண்டலத் தொற்றின்போது நிகழும் மரபணு மாற்றங்களில் பெரும்பகுதி இன்டர்ஃபெரானின் ஆணையால் நிகழ்வது என்பது பின்னர் தெரியவந்தது.

எம்எக்ஸ்1 மரபணு: ஒரு சுண்டெலியின் தனித்தன்மை

லிண்டன்மான் 1962-இல் வேறொன்றையும் கண்டார். மற்றச் சுண்டெலிகளைக் கொல்லும் அளவு இன்ஃபுளுவென்சா வைரஸைக் கொடுத்தும், ஏ2ஜி என்ற வழியைச் சேர்ந்த சுண்டெலிகள் பிழைத்தன. அவற்றில் எம்எக்ஸ்1 என்ற மரபணு செயல்படும் நிலையில் இருந்ததே காரணம். இன்டர்ஃபெரான் வந்ததும் இம்மரபணு இயங்கத் தொடங்கி, வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் புரதத்தைத் தருகிறது.

ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் பெரும்பாலான சுண்டெலி வழிகளில் இம்மரபணு பழுதுபட்டது என்பது பிற்காலத்தில் உறுதியானது. தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து உருவாக்கப்பட்ட வழிகள் அவை. மனிதருக்கோ இதற்கு இணையான மரபணு செயல்படும் நிலையில் உள்ளது. எனவே சாதாரண ஆய்வகச் சுண்டெலியில் ஃபுளு ஆய்வு நடத்துபவர், முக்கியமான ஒரு காவலர் இல்லாத வீட்டில் திருட்டைப் பற்றி ஆராய்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பயன்படும் விலங்குகள்

சுண்டெலி: எடை ஏறக்குறைய 25 கிராம். மரபணுத் தொகுதி 2002-இல் வெளியிடப்பட்டுவிட்டது. வேண்டிய மரபணுவை நீக்கவோ சேர்க்கவோ முடிவது இதன் பெரிய வசதி. ஆனால் 2019-இல் தோன்றிய கொரோனா வைரஸின் தொடக்க வகை சுண்டெலியின் ஏசிஇ2 ஏற்பியில் நன்கு ஒட்டவில்லை. ஆகவே மனித ஏசிஇ2 மரபணுவைத் தாங்கிய கே18 வகைச் சுண்டெலிகள் பயன்படுத்தப்பட்டன. இவை முந்தைய சார்ஸ் வைரஸுக்காக 2007-இலேயே உருவாக்கப்பட்டவை. இவற்றில் வைரஸ் மூளைக்கும் பரவுவதால், இவற்றின் இறப்பை நுரையீரல் நோயால் மட்டும் வந்ததாகக் கொள்ள முடியாது.

பருத்தி எலி: அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. குழந்தைகளைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு இது சுண்டெலியைவிட எளிதில் ஆட்படும். இதன் எம்எக்ஸ் மரபணுக்கள் செயல்படும் நிலையில் உள்ளன. குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் பாலிவிசுமேப் என்னும் எதிர்ப்பொருள் மருந்துக்குப் பருத்தி எலி ஆய்வுகள் அடிப்படையாக அமைந்தன. அமெரிக்காவில் 1998-இல் அம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

சிரிய ஹாம்ஸ்டர்: 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே பிடிக்கப்பட்ட ஒரு தாயின் குட்டிகளே இன்றைய ஆய்வக ஹாம்ஸ்டர்களில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் மூதாதையர். மரபணு மாற்றம் எதுவும் செய்யாமலேயே கொரோனா வைரஸ் இதைத் தொற்றும். எடை குறையும், நுரையீரல் அழற்சி தோன்றும். சுமார் இரண்டு வாரத்தில் தேறிவிடும். பெரும்பாலான மனிதருக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுவே.

தொற்றின்போது நிகழ்வது

வைரஸ் உயிரணுவுக்குள் நுழைந்ததும், அந்நிய ஆர்.என்.ஏ.வை உணரும் புரதங்கள் அதைக் கண்டுகொள்கின்றன. சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் இயங்குகின்றன. வெளியான இன்டர்ஃபெரான் அண்டை உயிரணுக்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தூண்டுகிறது. அவற்றில் சில வைரஸின் படிகளை அழிக்கின்றன. சில புதிய படி உருவாவதைத் தடுக்கின்றன. அடுத்த ஓரிரு நாட்களில் கீமோகைன் எனப்படும் அழைப்புப் பொருள்களின் மரபணுக்கள் இயங்கி, இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களை நுரையீரலுக்கு வரவழைக்கின்றன. இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களும் கூடுகின்றன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் டி உயிரணுக்கள், எதிர்ப்பொருள் ஆக்கும் பி உயிரணுக்கள் ஆகியவற்றின் அடையாளங்கள் தெரிகின்றன. இறுதியில் பழுதுபார்க்கும் மரபணுக்கள் மேலோங்கும்.

இந்த வரிசை குலைந்தால் நோய் முற்றுகிறது. 1918-இல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்ற ஃபுளு வைரஸ், பாதுகாக்கப்பட்ட திசுக்களிலிருந்து 2005-இல் மீண்டும் உருவாக்கப்பட்டது. அதைச் சுண்டெலிக்குக் கொடுத்து 2006-இல் வெளியிட்ட மரபணு வெளிப்பாட்டு ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அழற்சி மரபணுக்களும் உயிரணு இறப்பு மரபணுக்களும் கடுமையாக இயங்கத் தொடங்கின. ஐந்தாம் நாள் விலங்கு இறக்கும்வரை அவை தணியவே இல்லை. வைரஸோடு உடலின் சொந்த எதிர்வினையும் சேர்ந்தே நுரையீரலை அழித்தது என்பதற்கு இது வலுவான சான்று.

காலத்தின் முக்கியத்துவத்தை 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ருத்ரகௌடா சன்னப்பனவர், ஸ்டான்லி பெர்ல்மன் முதலியோர் சார்ஸ் வைரஸ் தொற்றிய சுண்டெலிகளை ஆராய்ந்தனர். வைரஸ் விரைந்து பெருகியது. இன்டர்ஃபெரான் சமிக்ஞையோ தாமதமாக வந்தது. அத்தாமதமே நுரையீரலில் அழற்சி உயிரணுக்கள் குவியக் காரணமாயிற்று. தொடக்கத்திலேயே இன்டர்ஃபெரான் கொடுத்த விலங்குகள் பிழைத்தன. கன்னிப்பூ நடவுக்கு வரும் நீர் பயிரைக் காக்கும். அதே நீர் கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கும்போது வந்தால் பயிரைச் சாய்க்கும். இன்டர்ஃபெரானும் அப்படித்தான்.

தடுப்பூசி கற்றுத்தந்த பாடம்

இவ்வாய்வுகளின் தேவையை உணர்த்தும் துயரமான நிகழ்வு 1966-இல் அமெரிக்காவில் நடந்தது. ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஆர்.எஸ்.வி. வைரஸ் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசியாகப் போடப்பட்டது. அது காக்கவில்லை. பின்னர் இயற்கையாக அவ்வைரஸ் தொற்றியபோது, ஒரு குழுவில் தடுப்பூசி பெற்று நோயுற்ற குழந்தைகளில் 80 விழுக்காட்டினரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. இரு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசி பெறாத குழந்தைகளில் இந்நிலை மிகச் சிலருக்கே வந்தது.

காரணத்தை அறியப் பல ஆண்டுகள் ஆயின. பருத்தி எலிகளில் இதே நுரையீரல் சேதத்தை மீண்டும் உண்டாக்கிக் காட்ட முடிந்தது. 1993-இல் பார்னி கிரகாம் குழுவினர் சுண்டெலி நுரையீரலில் தூதுவ ஆர்.என்.ஏ.வை அளந்து தெளிவான வேறுபாட்டைக் கண்டனர். உயிருள்ள வைரஸால் பழக்கப்பட்ட விலங்குகளில் இன்டர்ஃபெரான்-காமா மேலோங்கியது. செயலிழந்த வைரஸால் பழக்கப்பட்டவற்றில், ஒவ்வாமையோடு தொடர்புடைய இன்டர்லூக்கின்-4 மேலோங்கியது. அதாவது அத்தடுப்பூசி உடலைத் தவறான திசைக்குப் பழக்கியிருந்தது. கிரகாம் பின்னர் வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை அதன் சரியான வடிவில் நிலைநிறுத்தும் முயற்சியில் பங்கேற்றார். அவ்வழியில் உருவான ஆர்.எஸ்.வி. தடுப்பூசிகளுக்கு 2023-இல் ஒப்புதல் கிடைத்தது.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் உறுதி செய்யப்பட்டார். புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் வைரஸைப் பிரித்தெடுத்து வளர்த்தது. பாரத் பயோடெக் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட கோவேக்சின் தடுப்பூசியும் செயலிழக்கச் செய்த வைரஸால் ஆனதே. ஆகவே 1966-இன் நிகழ்வு இதற்கும் எச்சரிக்கையாக இருந்தது. புனே ஆய்வாளர்கள் சிரிய ஹாம்ஸ்டர்களுக்கு அதைச் செலுத்திப் பின் வைரஸைக் கொடுத்துப் பார்த்தனர். தடுப்பூசி பெற்ற விலங்குகளில் நுரையீரலில் வைரஸ் விரைவில் மறைந்தது, நிமோனியா தடுக்கப்பட்டது. குரங்குகளிலும் சோதனை நடந்தது. 2021 ஜனவரியில் அவசரகாலப் பயன்பாட்டு அனுமதி தரப்பட்டது.

2021-இன் இரண்டாம் அலையின்போது இந்தியாவில் பரவிய கப்பா, டெல்டா வகைகளும் அதே நிறுவனத்தில் ஹாம்ஸ்டர்களில் ஆராயப்பட்டன. முந்தைய பி.1 வகையைவிடக் கப்பா வகை எடையை மிகுதியாகக் குறைத்து, நுரையீரலைக் கடுமையாகப் பாதித்தது. அரியானா மாநிலம் ஃபரீதாபாதில் உள்ள டி.எச்.எஸ்.டி.ஐ. ஆய்வு நிறுவனத்தினர், ஹாம்ஸ்டரின் நுரையீரல் மட்டுமன்றி இதயம், இரத்தக்குழாய் ஆகியவற்றிலும் தொற்றின் விளைவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டனர்.

தேறிய பிறகும் தொடரும் மாற்றங்களுக்கும் ஹாம்ஸ்டர் விடை தந்தது. 2022-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், தொற்றி ஒரு மாதம் கழிந்து, வைரஸ் நீங்கிய ஹாம்ஸ்டர்களின் மணமுணரும் பகுதியில் அழற்சி மரபணுக்கள் இன்னும் இயங்குவதைக் கண்டனர். ஃபுளு தொற்றிய விலங்குகளில் இது இவ்வாறு நீடிக்கவில்லை. கொரோனாவுக்குப் பின் காப்பியின் மணம்கூடத் தெரியவில்லை என்று மாதக்கணக்கில் சொன்னவர்களின் முறையீடு வெறும் மனப்பிரமை அல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

வரம்புகள்

கொறிணி முடிவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. மனிதரில் வெள்ளையணுக்களை அழைக்கும் இன்டர்லூக்கின்-8 மரபணு சுண்டெலியில் இல்லை. அவ்வேலையை வேறு மரபணுக்கள் செய்கின்றன. ஹாம்ஸ்டருக்குச் சுண்டெலிக்கு இருப்பது போல ஆய்வு வினைப்பொருள்கள் மிகுதியாகக் கிடைப்பதில்லை. புரதத்தை அளக்க ஏற்ற எதிர்ப்பொருள்கள் குறைவு என்பதாலேயே அங்கு ஆர்.என்.ஏ. அளவீட்டை அதிகம் சார்ந்திருக்க வேண்டியுள்ளது.

தூய்மையும் ஒரு குறையாகலாம். ஆய்வகச் சுண்டெலிகள் கிருமிகள் அண்டாத கூண்டில் வளர்கின்றன. இவற்றின் நோயெதிர்ப்பு மண்டலம் பிறந்த குழந்தையினுடையதை ஒத்திருப்பதாகவும், கடையில் விற்கும் வளர்ப்புச் சுண்டெலியினுடையது வளர்ந்த மனிதருடையதை ஒத்திருப்பதாகவும் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கணக்கிடும் முறையும் முடிவை மாற்றும். 2013-இல் ஒரு குழுவினர், காயம், தீப்புண், நுண்ணுயிர் நச்சு ஆகியவற்றால் வரும் அழற்சியில் சுண்டெலியின் மரபணு மாற்றங்கள் மனிதருடையவற்றோடு சற்றும் ஒத்துப்போகவில்லை என்று எழுதினர். 2015-இல் கெய்சோ தக்காவோ, சுயோஷி மியகாவா ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்து, மரபணுக்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றிப் பார்த்தபோது நல்ல ஒற்றுமை தெரிந்தது. இரண்டுக்கும் தரவு ஒன்றே. எந்த மரபணுக்களை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வது என்பதில்தான் வேறுபாடு.

மற்றொரு சிக்கல் உண்டு. நுரையீரலை முழுதாக அரைத்து அளந்தால், ஒரு மரபணு கூடியது உயிரணுக்கள் மாறியதாலா, புதிய உயிரணுக்கள் வந்து சேர்ந்ததாலா என்று தெரியாது. சுசீந்திரம் தேரோட்ட நாளில் ரத வீதியில் இரைச்சல் கூடுவது, ஊரார் உரக்கப் பேசுவதால் அல்ல. வெளியூர்க் கூட்டம் வந்ததால். தனி உயிரணு வரிசையறிதல் இக்குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கிறது.

நெறிமுறை

விலங்குகளை ஆய்வுக்குப் பயன்படுத்துவதற்கு இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் 1998-இல் வந்த விதிகளும் பொருந்தும். ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். உலகெங்கும் பின்பற்றப்படும் மூன்று கொள்கைகளை வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் ஆகியோர் 1959-இல் வகுத்தனர்: இயலுமிடத்தில் விலங்குக்கு மாற்று காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். ஒரே விலங்கின் திசுவிலிருந்து பல்லாயிரம் மரபணுக்களை அளக்க முடிவதும், தரவுகளைப் பொதுவில் வைப்பதும் இரண்டாம் கொள்கைக்குத் துணை செய்கின்றன. ஜியோ என்ற அமெரிக்க அரசின் தரவுத்தளத்தில் இத்தகைய ஆய்வுகளின் அளவீடுகளை யாரும் கட்டணமின்றிப் பெறலாம். கல்லூரி மாணவர்கள் ஒரு விலங்கையும் தொடாமல் புதிய கேள்விகளை அவற்றில் கேட்கலாம்.

ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது

எலிகளில் வெற்றி என்ற செய்தித் தலைப்பைக் காணும் மாணவர்கள் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். எந்த விலங்கு, எந்த வழி? எம்எக்ஸ்1 போன்ற முக்கிய மரபணு அதில் செயல்படுகிறதா? வைரஸ் இயல்பானதா, விலங்குக்குப் பழக்கப்பட்டதா? தொற்றிய எத்தனையாவது நாளில் திசு எடுக்கப்பட்டது? அளக்கப்பட்டது ஆர்.என்.ஏ.வா, புரதமா? ஒப்பீட்டுக்கு வைத்த விலங்குகள் எத்தனை? இதே மாற்றம் மனித நோயாளிகளிடமும் காணப்பட்டதா? இவற்றுக்கு விடை தரும் கட்டுரை நம்பத்தக்கது. 2022-இல் ஓமைக்ரான் வகை சுண்டெலியிலும் ஹாம்ஸ்டரிலும் மென்மையான நோயையே உண்டாக்குவதாக அறிவிக்கப்பட்டபோது, மருத்துவமனைகளிலிருந்து வந்த மனிதத் தரவுகளும் அதனோடு பொருந்தின. இவ்வாறு இரு பக்கச் சான்றும் ஒத்துப்போகும் இடத்தில்தான் கொறிணி மாதிரி மருத்துவத்துக்கு உறுதியான துணையாகிறது.